படகுக்கு மெத்தை

என் அக்காவின் கணவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் ஒரு படகு வாங்கினார். தஞ்சோங் காராங்கில் ஒரு சீனர் பழைய பைபர் படகை விற்கிறார் என்று கேள்விப்பட்டு, வீட்டில் யாரிடமும் சொல்லாமல் போய்ப் பார்த்து, அன்றைக்கே தன் பிக்கப்பில் கட்டி இழுத்துக்கொண்டு வந்துவிட்டார். வெள்ளை நிறம், பக்கவாட்டில் நீலக் கோடு, பின்னால் ஓர் எஞ்சின். அதை ஏற்றி இழுக்க இரண்டு சக்கர டிரெய்லர் ஒன்றும் கூடவே வந்தது.

கோலா சிலாங்கூர் பக்கம், செம்பனைத் தோட்டத்தை அழித்துக் கட்டிய ஒரு தாமான் குடியிருப்பில் அவர்கள் வீடு. படகு வந்த நாளிலிருந்து அந்த வீட்டு போர்ச் முழுவதும் படகுக்கே சொந்தமாகிவிட்டது. பிக்கப் தெருவில் வெயிலில் நின்றது. அக்கா வீட்டிலிருந்தே துணி தைப்பவள். அவளிடம் ரவிக்கை தைக்க வரும் பெண்கள் படகின் மூக்குக்கும் சுவருக்கும் நடுவே ஒருக்களித்து நுழைந்தார்கள். கொஞ்சம் பருமனானவர்கள் பின்பக்கச் சாக்கடையோரமாகச் சுற்றி வந்து சமையலறை வழியாக உள்ளே போனார்கள். அத்தானுக்கு அதில் ஒரு சங்கடமும் இல்லை. "பாத்து வாங்க, போட்ல வளையல் படாம" என்று மட்டும் சொல்வார்.

அத்தானின் அப்பா தோட்டத்தில் மண்டோராக இருந்தவர். விடிவதற்கு முன் ஆட்களை வரிசையில் நிறுத்தி வேலை பிரித்துக் கொடுத்தவர் என்பார்கள். அத்தான் ஒரு நாளும் தோட்டத்தில் வேலை செய்ததில்லை. ரவாங்கில் ஒரு தொழிற்சாலையின் ஸ்டோரில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றார். ஆனால் அப்பாவின் குரல் மட்டும் தப்பாமல் வந்துவிட்டது. எதிரே நிற்பது மனைவியோ, மச்சினியோ, பக்கத்து வீட்டுக்காரரோ, அவர் பேசினால் வேலை ஏவுவது போலத்தான் இருக்கும். இத்தனைக்கும் அவருக்கு நீந்தத் தெரியாது. தூண்டிலில் புழு மாட்டத் தெரியாது. பிடித்த ஒன்றிரண்டு மீனையும் படகில் நாற்றம் ஒட்டிவிடுமென்று மூடி போட்ட வாளியில் அடைத்து, அந்த மூடிக்கு மேல் ஒரு துணியையும் போர்த்திக் கொண்டுவருவார்.

ஒரு நாள் நான் ஆபீசில் இருக்கும்போது அவரிடமிருந்து போன். வழக்கமாக அவர் எனக்குக் கூப்பிடுவதே இல்லை. குரல் கம்மியிருந்தது.

"ம்மா, ஒரு விஷயம். வேலையா இருக்கியா?"

அக்காவுக்குச் சர்க்கரை நோய் உண்டு. "அக்காவுக்கு என்ன அத்தான்?" என்றேன்.

"அவளுக்கு என்ன, நல்லாத்தான் இருக்கா. போட்ல கோடு விழுந்துருச்சு ம்மா."

எனக்குப் புரியவே கொஞ்ச நேரம் ஆனது. டிரெய்லரின் பின்பக்கத்தில், இடமும் வலமுமாக இரண்டு இரும்புக் குழாய்கள் செங்குத்தாக நிற்கும். தண்ணீரிலிருந்து படகை மேலே ஏற்றும்போது அது ஒரு பக்கமாக விலகிவிடாமல் நேராக வந்து உட்கார வேண்டும் என்பதற்காக வைத்தவை. அதை அவர் 'கைடு' என்பார். அந்தக் குழாயில் உரசி, படகின் வயிற்றுப் பக்கத்தில் ஒரு கீறல் விழுந்திருக்கிறது. இதைச் சொல்வதற்குத்தான் எனக்குப் போன். அந்த வாரக் கடைசியில் நான் போனபோது மதியம் சாப்பிடக்கூட உட்காராமல் என்னைப் படகுக்கு அடியில் குனிய வைத்து அந்தக் கோட்டைக் காட்டினார். விரல் நீளம்தான் இருக்கும். டார்ச் அடித்தால்தான் தெரிந்தது.

அன்றிலிருந்து அந்த இரண்டு குழாய்களுக்கும் மெத்தை கட்டுவதே அவருடைய வாழ்க்கையாகிவிட்டது.

முதலில் பழைய துண்டைச் சுற்றினார். அது தண்ணீரில் ஊறிப் பாசி பிடித்தது. அடுத்து, பிள்ளைகள் நீச்சல் குளத்தில் பிடித்துக்கொண்டு மிதக்கும் நீளமான ஸ்பாஞ்சுக் குழாய்களை வாங்கி, நடுவில் கீறி, இரும்பில் மாட்டினார். ஒன்று இளஞ்சிவப்பு, ஒன்று பச்சை. டிரெய்லர் நெடுஞ்சாலையில் போகும்போது காற்றில் ஒன்று பிய்த்துக்கொண்டு பறந்துபோனது. பிறகு ஹார்டுவேர் கடையில் தரையில் விரிக்கும் காப்பெட் துண்டு வாங்கி ஒட்டினார். காப்பெட்டுக்குள் ஆற்று மணல் போய் உட்கார்ந்துகொண்டது. அடுத்த முறை படகு ஏறியபோது ஒரு கோடு இருந்த இடத்தில் ஒரு கொத்தாகக் கோடுகள் விழுந்தன. மணல் ஒட்டிய துணி உப்புக்காகிதம் போலத் தேய்க்கும் என்பது வீடு பெருக்குகிற யாருக்கும் தெரியும். அவர் வீடு பெருக்கியதில்லை.

அவருக்கு யோசனை சொல்ல மூன்று நண்பர்கள் இருந்தார்கள். மூவரும் அவரைப் போலவே ஓய்வு பெற்றபின் படகு வாங்கியவர்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரே மாதிரி முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு வருவார்கள். அந்தச் சட்டையில் பெரிய மீன் ஒன்று வாயைப் பிளந்து துள்ளும். அப்படி ஒரு மீனை அவர்களில் யாரும் பிடித்து நான் பார்த்ததில்லை. போர்ச்சில் படகைச் சுற்றி நின்று, மாறி மாறி அதன் வயிற்றைத் தடவிப் பார்த்து, தலையை ஆட்டி, அக்கா போட்டுத் தரும் காப்பியைக் குடித்துவிட்டுப் போவார்கள். அவர்களில் ஒருவர்தான் நல்ல கெட்டியான ஸ்பாஞ்சு வேண்டும் என்று சொன்னார். அத்தான் கடைக்குப் போகவில்லை. அக்காவுக்குத் தோள்பட்டை இறுகிப்போய், தினமும் தரையில் படுத்துப் பயிற்சி செய்ய டாக்டர் சொல்லியிருந்தார். அதற்காக நான் வாங்கிக் கொடுத்திருந்த நீல நிறப் பாயை எடுத்துக் கத்தரித்துவிட்டார்.

"அவ ஒண்ணும் ஒழுங்கா செய்யறதில்ல லா. சும்மாத்தான் கெடந்துச்சு" என்று என்னிடம் சொன்னார்.

அந்த ஸ்பாஞ்சுக்கு மேல் வழுவழுப்பான கித்தான் உறை போட்டால் மணல் ஒட்டாது என்று அடுத்த யோசனை வந்தது. உறையைத் தைக்க வேண்டியவள் அக்கா. தீபாவளிக்கு முந்தின நெருக்கடியில், தலைக்கு மேல் ரவிக்கைகள் குவிந்து கிடக்கும்போது, அவள் முரட்டுக் கித்தானை மிஷினில் கொடுத்துத் தைத்துக்கொண்டிருந்தாள். ஊசி உடைந்துகொண்டே இருந்தது.

"என்னக்கா இது?"

"உன் அத்தானோட சின்ன வீட்டுக்கு ஜாக்கெட்டு" என்றாள், தலையைத் தூக்காமல். "ரெண்டு பக்கமும் அளவு ஒரே மாதிரி இருக்கணுமாம்."

உறைகளின் மேலும் கீழும் சுருக்குக் கயிறு வைத்துத் தைத்துக் கொடுத்தாள். அத்தான் அதைக் குழாயில் மாட்டிக் கயிற்றை இறுக்கிக் கட்டிவிட்டு, இரண்டடி பின்னால் நகர்ந்து நின்று பார்த்தார். தைத்தவளிடம் ஒரு வார்த்தை இல்லை. நண்பர்களுக்குப் படம் எடுத்து அனுப்பினார். நால்வரும் கட்டைவிரல் தூக்கிக் காட்டிக்கொண்டார்கள்.

ஒரு சாயங்காலம் கம்போங் குவாந்தான் பக்கம் என்னை அழைத்துப் போனார். மின்மினி பார்க்க வரும் சுற்றுலாக்காரர்களை ஏற்றிப்போகும் படகுகள் அங்கே கட்டிக் கிடந்தன. பழைய மரப் படகுகள். ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு, சாயம் உரிந்து, பக்கமெல்லாம் காயமாக இருந்தன. "பாரு, எப்படி வெச்சிருக்கானுங்க" என்று அத்தான் முகத்தைச் சுளித்தார். அந்தப் படகுகள் அன்றாடம் ஆட்களை ஏற்றி இறக்கிக் குடும்பங்களுக்குச் சோறு போடுகின்றன. இவருடைய படகு மாதத்துக்கு ஒரு தடவை நனைந்தால் பெரிது. அங்கிருந்த ஒரு மலாய்க்காரப் படகோட்டிக்கு இவர் தன் போனில் படகின் படத்தைக் காட்டினார். அவர் பார்த்துவிட்டு, "புதுசா? இன்னும் தண்ணியில் இறக்கவில்லையா?" என்று மலாயில் கேட்டார். அத்தான் அதைப் புகழ்ச்சியாக எடுத்துக்கொண்டார்.

உறை தைத்த பிறகு நானும் ஒரு தடவை படகில் ஏறிப் பார்க்க வேண்டும் என்று அத்தானுக்கு ஒரே பிடிவாதம். அக்காவும் "வாடி, இல்லேன்னா என்னைத்தான் திட்டிக்கிட்டே இருப்பாரு" என்று கெஞ்சினாள். ஒரு ஞாயிறு காலையில் போனோம். ஆற்றில் கொஞ்ச தூரம் போய், கொஞ்ச நேரம் நின்று, ஒரு மீனும் கிடைக்காமல் திரும்பினோம். அதுவரை ஒன்றும் கெட்டுப்போகவில்லை.

படகு ஏற்றும் இடம் ஆற்றோரத்தில் ஒரு சிமெண்டுச் சரிவு. கடல் பக்கத்தில் இருப்பதால் அங்கே தண்ணீர் ஏறும், இறங்கும். நாங்கள் திரும்பியபோது தண்ணீர் வேகமாக இறங்கிக்கொண்டிருந்தது. அத்தான் எங்கள் இருவரையும் கரையில் இறக்கிவிட்டார். பிக்கப்பைப் பின்னால் எடுத்து, டிரெய்லரைப் பாதி தண்ணீருக்குள் இறக்கி நிறுத்தினார். பிறகு படகில் ஏறி எஞ்சினைப் பிடித்துக்கொண்டார். அக்கா தொடையளவு தண்ணீரில், வலப்பக்கக் குழாயின் அருகே கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். அதுதான் அவளுக்கு எப்போதும் கொடுக்கிற வேலை. நான் பைகளையும் செருப்புகளையும் வைத்துக்கொண்டு மேலே நின்றேன்.

படகு உள்ளே வரும்போது நீரோட்டம் அதை ஒரு பக்கமாகத் தள்ளியது. அதே நேரத்தில் வலப்பக்கக் குழாயின் உறை நழுவிக் கீழே இறங்கியிருந்ததை நாங்கள் எல்லோருமே பார்த்தோம். மேலே வெறும் இரும்பு. அதில் ஒரு திருகாணியின் தலை வெளியே துருத்திக்கொண்டிருந்தது. படகு நேராக அதை நோக்கி வந்தது. அத்தான் எஞ்சினைக் குறைக்கவில்லை.

"கைய வை! கைய வை! ஏய், கைய வைன்னு சொல்றேன்ல!"

அக்கா கையை வைத்தாள். முப்பது வருஷமாக அந்தக் குரல் சொன்னதைச் செய்து பழகிய கை. இரும்புக்கும் படகுக்கும் நடுவில் இடது உள்ளங்கையை விரித்து வைத்தாள்.

மோதிய சத்தம் பெரிதாக இல்லை. அக்கா கத்தவும் இல்லை. வாயைத் திறந்தாள், சத்தம் வரவில்லை. படகு முட்டிவிட்டுத் தானாகவே கொஞ்சம் பின்னால் போனதும், கையை இழுத்து வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். தண்ணீரில் சிவப்பு கலந்தது.

அத்தான் படகிலிருந்து குதித்தார். அக்காவைத் தூக்கத்தான் குதிக்கிறார் என்று நினைத்தேன். அவர் தண்ணீரில் முட்டி போட்டு, படகு மோதிய இடத்தைச் சட்டை நுனியால் துடைத்தார். உள்ளங்கையால் தடவினார். இன்னொரு தடவை தடவினார்.

"நல்ல வேளை" என்றார். "ஒண்ணும் ஆகல."

இதை நான் கூட்டியும் சொல்லவில்லை, குறைத்தும் சொல்லவில்லை. அந்த வார்த்தைகளை அப்படியேதான் சொன்னார்.

நான் செருப்புகளைக் கீழே எறிந்துவிட்டுத் தண்ணீருக்குள் இறங்கினேன். "அத்தான், அக்கா கையப் பாருங்க" என்று கத்தினேன். அப்போதுதான் திரும்பினார். அக்காவின் கையைப் பார்த்தார். அதன்பின் சொன்னது இது:

"கயிற நீ சரியா கட்டல. அதான் உறை எறங்கிருச்சு."

என் கார் மேலே மரத்தடியில் நின்றது. அக்காவைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு போய் ஏற்றினேன். "நீ கூட்டிட்டுப் போ, நான் போட்ட ஏத்திட்டு வந்துர்றேன், தண்ணி எறங்குது" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. நான் காரைக் கிளப்பினேன்.

மருத்துவமனையில் நடுவிரலும் மோதிர விரலும் உடைந்திருக்கின்றன என்றார்கள். படம் எடுத்து, காயத்தைத் தைத்து, கட்டுப் போட்டு, மருந்து வாங்க உட்கார்ந்திருந்தபோதுதான் அத்தான் வந்தார். தலை சீவியிருந்தார். சட்டை மாற்றியிருந்தார். கிட்டே வந்தபோது எலுமிச்சை வாசனை அடித்தது. படகு கழுவுகிற சோப்பு.

"ஏன் அத்தான் இவ்ளோ நேரம்?"

"உப்புத் தண்ணி ம்மா. கழுவாம அப்படியே விட்டா எஞ்சின் அரிச்சுரும்."

அக்கா அவரை நிமிர்ந்து பார்த்தாள். ஏதாவது கேட்கப் போகிறாள் என்று காத்திருந்தேன். "சாப்பிட்டீங்களா?" என்றாள்.

"எங்க சாப்பிட்டேன்" என்றார் அவர், மனத்தாங்கலோடு.

அந்த நேரத்தில் எனக்கு இரண்டு பேர் மேலும் வெறுப்பாக இருந்தது.

அடுத்த ஞாயிறு நண்பர்கள் மூவரும் நலம் விசாரிக்க வந்தார்கள். மீன் சட்டையோடுதான் வந்தார்கள். அக்காவுக்கு முடியாததால் காப்பி போட்டது நான். தட்டில் வைத்து நான் வெளியே வந்தபோது அத்தான் கதை சொல்லிக்கொண்டிருந்தார்.

"நான் தள்ளி நில்லு, தள்ளி நில்லுன்னு கத்துறேன். இவ பதட்டத்துல கைய விட்டுட்டா. பொம்பளைங்களுக்கு இதெல்லாம் எங்க வெளங்குது."

மூவரும் தலையாட்டினார்கள்.

"நீங்கதான் கைய வைக்கச் சொன்னீங்க அத்தான்" என்றேன். "நான் அங்கதான் நின்னேன். போட்டுல கோடு விழக் கூடாதுன்னு கைய வைக்கச் சொன்னீங்க. அவ கை உடஞ்ச பொறவு நீங்க போட்டத் தடவிப் பாத்தீங்க."

அத்தான் என்னைப் பார்க்காமல் டிரெய்லர் சக்கரத்தைப் பார்த்தார். வந்தவர்களில் ஒருவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். ஒரு மனிதனாக ஏதோ சொல்லப் போகிறார் என்று நம்பினேன்.

"அண்ணே, உறைக்கு உள்ள பசை போட்டு ஒட்டலையா?" என்றார் அவர்.

"கயிறு போதும்னு நெனச்சேன்" என்றார் அத்தான், உயிர் வந்தவராக.

பசையா கயிறா என்று பேச்சு தொடங்கிவிட்டது. நான் காப்பித் தட்டைத் திருப்பி உள்ளே எடுத்துப்போய் நான்கு கோப்பைகளையும் தொட்டியில் ஊற்றினேன். வாசலில் பேச்சு நின்றது. காப்பி திரும்பிப் போனதுதான் அவர்களுக்கு உறைத்தது.

உள்ளே அக்கா படுத்திருந்தாள். "விடு லா. அவரு அப்படித்தான்" என்றாள்.

"அப்படித்தான்னா என்னக்கா அர்த்தம்?"

அவள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கட்டு பிரித்த பிறகும் மோதிர விரல் முழுதாக மடங்கவில்லை. துணியை மிஷினுக்கு ஒதுக்கிக் கொடுப்பது இடது கை. முன்பு போல வளைவுகளில் துணி திரும்பவில்லை. கழுத்து வெட்டை மூன்று முறை பிரித்துப் பிரித்துத் தைத்துக்கொண்டிருந்த ஒரு நாளில் அத்தான் கிழிந்த கித்தான் உறையைக் கொண்டுவந்து அவள் முன்னால் போட்டார். அப்போது நானும் அங்கே இருந்தேன்.

"இத கொஞ்சம் தச்சுக் குடு. இந்த தடவ பசையும் போட்டுரலாம்."

அக்கா அதை எடுத்துப் பார்த்தாள். மடித்தாள். அவர் கையிலேயே கொடுத்தாள்.

"இதுக்கு இனிமே தைக்க மாட்டேன்."

"ஏன்?"

"ஏன்னு உங்களுக்கே தெரியலன்னா நான் சொல்லி என்னாகப் போவுது. போர்ச்ச காலி பண்ணிக் குடுங்க. என் மிஷின அங்க போடணும். உள்ள வெளிச்சம் பத்தல."

அத்தான் சிரித்தார். நல்ல ஜோக்கைக் கேட்டது போல என்னைப் பார்த்தும் சிரித்தார்.

மறுநாள் நான் ரவாங்கில் என் வீட்டுக்குத் திரும்பிவிட்டேன். பிறகு நடந்ததை அக்கா போனில் சொன்னாள். பக்கத்து வீட்டு அம்மாவைத் துணைக்குக் கூப்பிட்டு மிஷினைப் போர்ச்சுக்கு நகர்த்தியிருக்கிறாள். படகுக்கும் கேட்டுக்கும் நடுவில் இருந்த சந்தில் அதைப் போட்டு உட்கார்ந்துகொண்டாள். வெட்டுவதற்கு மேசை வைக்க இடமில்லை. படகின் மூக்குப் பகுதி தட்டையாக, வசதியான உயரத்தில் இருந்தது. அதன் மேல் துணியை விரித்து, சாக்கட்டியால் கோடு போட்டு, பெரிய கத்தரிக்கோலால் வெட்ட ஆரம்பித்துவிட்டாள். குண்டூசிகளையும் அதன்மேலேயே கொட்டி வைத்தாள். தைக்கக் கொடுக்க வந்தவர்கள் பைகளை அதில் வைத்தார்கள். ஒருத்தி தன் பெண் குழந்தையைக் கொலுசோடு தூக்கி அதன் மேல் உட்கார வைத்தாளாம். அத்தான் வெளியே வந்து பார்த்திருக்கிறார். குரலை உயர்த்தியிருக்கிறார். நாலைந்து பெண்கள் திரும்பிப் பார்த்ததும் உள்ளே போய்விட்டார். மண்டோர் குரலெல்லாம் வீட்டுக்குள் ஒருத்தி தனியாக இருக்கும்போதுதான்.

அந்த வாரமே படகு ஒரு நண்பரின் தோட்டத்துக்குப் போனது. செம்பனை மரத்தடியில், மழையில், ஓலைக் குப்பையின் நடுவில் நின்றது. சொந்தப் படகு நிற்கவே இடம் போதவில்லை என்று அந்த நண்பர் கொஞ்ச நாளில் முனக ஆரம்பித்தார். அத்தான் விற்பதற்கு ஒப்புக்கொண்டார்.

வாங்க வந்தவர் சுங்கை புரோங்கிலிருந்து ஒரு நெல் விவசாயி, மலாய்க்காரர், மனைவியோடு வந்திருந்தார். அன்றைக்கு அத்தானின் பிக்கப் பழுதாகி ஒர்க்‌ஷாப்பில் கிடந்ததால் தன்னை அந்தத் தோட்டத்தில் கொண்டுபோய் விடும்படி என்னிடம் சொன்னார். மகிழ்ச்சியோடு போனேன். விவசாயி படகைச் சுற்றி ஒரு தடவை நடந்தார். வயிற்றைத் தடவவில்லை, ஓட்டை இருக்கிறதா என்று விரலை மடக்கித் தட்டிப் பார்த்தார். பிறகு குழாய்களின் ஸ்பாஞ்சையும் உறையையும் கண்டு மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"இது என்ன பாங், தலையணையா?" என்று அத்தானிடம் மலாயில் கேட்டாள் அந்தப் பெண். பாங் என்றால் அண்ணன்.

அத்தான் விளக்க ஆரம்பித்தார். அவர் சொல்லி முடிப்பதற்குள் விவசாயி இடுப்புக் கத்தியை எடுத்து இரண்டு உறைகளையும் அறுத்துக் கீழே போட்டுவிட்டார். மழையில் ஊறிய ஸ்பாஞ்சு நாறியது. தன் லோரியிலிருந்து துருப்பிடித்த நீர் பம்ப் ஒன்றைத் தூக்கி வந்து நேராகப் படகுக்குள் இறக்கினார். அது உள்ளே தடாலென்று உட்கார்ந்தது. உர மூட்டைகள் அதன்மேல் விழுந்தன.

"பெலான், பெலான்" என்றார் அத்தான். மெல்ல, மெல்ல. கண்ணை மூடிக்கொண்டிருந்தார். உண்மையாகவே கண் கலங்கியிருந்தது. அக்காவின் கையைப் பார்த்து அந்தக் கண் கலங்கி நான் கண்டதில்லை.

"போட் தானே, பாங்" என்று சொல்லிவிட்டு விவசாயி டிரெய்லரை லோரியில் மாட்டி இழுத்துக்கொண்டு போய்விட்டார். திரும்பி வரும்போது காரில் அத்தான் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார். நான் ஆறுதல் சொல்லவில்லை. ரேடியோவைக் கொஞ்சம் சத்தமாக வைத்துக்கொண்டேன்.

இப்போது போர்ச் முழுவதும் தையல் இடம். இரண்டு மிஷின்கள். விரலுக்கு வராத நுணுக்கமான வேலைகளைச் செய்ய அக்கா ஒரு பெண்ணை வேலைக்கு வைத்திருக்கிறாள். வாரக் கடைசிகளில் நானும் போய்ப் பொத்தான் கட்டுகிறேன். அத்தான் வாங்கிவரும் ரொட்டி சானாயைச் சாப்பிடுகிறேன். அவர் கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். அவரிடம் அதற்கு மேல் எனக்கு ஒன்றும் இல்லை. மன்னிப்பு என்று ஒரு சொல் இருப்பதே அவருக்குத் தெரியுமா என்பது சந்தேகம்தான்.

போன வாரம் கோலா குபு பாருவிலிருந்து அவருடைய சொந்தக்காரர் ஒருவர் கல்யாணப் பத்திரிகை வைக்க வந்திருந்தார். போர்ச்சைப் பார்த்து, "கடை மாதிரியே போட்டுட்டீங்களே" என்று வியந்தார்.

அத்தான் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "எனக்கு ஒரு போட் இருந்துச்சு. அருமையான போட். இவ தொழிலுக்கு எடம் வேணும்னுதான் வித்தேன். பொண்டாட்டிக்குன்னா நாமதான லா விட்டுக் குடுக்கணும்."

அக்கா உதட்டில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டு ஒரு பாவாடைக்கு மடிப்பு வைத்துக்கொண்டிருந்தாள். மெல்ல என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். அவசரமாக ஊசிகளைக் கையில் துப்பினாள், இல்லையென்றால் விழுங்கியிருப்பாள். இருவரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். அவர் சொன்னதில் நாங்கள் பூரித்துப்போய்விட்டோம் என்று எண்ணிக்கொண்டு, அத்தானும் கூடச் சேர்ந்து சிரித்தார்.